லெ குவின்: எழுதி முடித்ததையும் திரும்பிப் போய்ப் பார்த்தவர்

பனிப்பாதை:
எர்த்ஸீ என்ற மாயக்கதை வரிசையின் ஆறு புத்தகங்களையும் இந்த முறை விடாமல் படித்து முடித்தேன். முன்பெல்லாம் முதல் மூன்றோடு நிறுத்திவிடுவேன். தொடர்ந்து படித்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. அதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் தன் பழைய புத்தகங்களை முடிந்துபோன கணக்காக நினைக்கவே இல்லை. பத்து வருடம், இருபது வருடம் கழித்தும் அவற்றிடம் திரும்பிப் போயிருக்கிறார். தான் எதைப் பார்க்கத் தவறினோம் என்று தேடியிருக்கிறார். கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார். அவரைப் பற்றிப் பேச எத்தனையோ இருந்தாலும் எனக்கு இந்தக் குணம்தான் பெரிதாகத் தெரிகிறது. அதற்காகத்தான் இந்த இழை.

புதியவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1929 அக்டோபர் 21-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தார். அப்பா ஆல்ஃப்ரெட் குரோபர், பெயர்பெற்ற மானுடவியல் பேராசிரியர். அம்மா தியோடோராவும் எழுத்தாளர். மூன்று அண்ணன்கள், இவர் கடைக்குட்டி. 11 வயதிலேயே 'அஸ்டவுண்டிங்' என்ற அறிவியல் புனைவுப் பத்திரிகைக்குக் கதை அனுப்பினார், திரும்பி வந்துவிட்டது. பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் 1947-ல் படிப்பை முடித்தவர்களில், பின்னால் அறிவியல் புனைவில் பெயர்பெற்ற ஃபிலிப் கே. டிக்கும் உண்டு. ஒரே வருடம், ஒரே பள்ளி, ஆனால் இருவருக்கும் அறிமுகம் இல்லை. ராட்க்ளிஃப் கல்லூரிக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும் போய் பிரெஞ்சு, இத்தாலிய மறுமலர்ச்சிக் கால இலக்கியம் படித்தார். 1953-ல் உதவித்தொகை கிடைத்து பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினார். 'குயின் மேரி' என்ற அந்தக் கப்பலில்தான் வரலாற்று மாணவர் சார்லஸ் லெ குவினைச் சந்தித்தார். அந்த வருடக் கடைசியில் பாரிஸில் திருமணம் ஆகிவிட்டது.

1950-கள் முழுக்க ஒர்ஸினியா என்ற கற்பனை ஐரோப்பிய நாட்டை வைத்து நாவல் மேல் நாவலாக எழுதினார். எந்தப் பதிப்பகமும் எடுக்கவில்லை. நன்றாகத்தான் எழுதுகிறீர்கள், ஆனால் இது எந்த வகை என்று எங்களுக்குத் தெரியவில்லை என்ற மாதிரி பதில்கள். 1962-ல் 'ஃபென்டாஸ்டிக்' இதழில் 'ஏப்ரல் இன் பாரிஸ்' சிறுகதை வந்தது. 1966-ல் முதல் நாவல், 'ராக்கனன்ஸ் வேர்ல்ட்'. அதன் பிறகு வந்த வேகத்தைப் பாருங்கள். 1968-ல் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ', 1969-ல் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்', 1971-ல் 'தி லேத் ஆஃப் ஹெவன்', 1974-ல் 'தி டிஸ்பொஸஸ்டு'. ஏழு வருடத்துக்குள் இவ்வளவும்! 'லெஃப்ட் ஹேண்ட்' அறிவியல் புனைவின் பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா இரண்டையும் வாங்கியது. சிறந்த நாவல் பிரிவில் ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டும் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

இத்தோடு நின்றிருந்தாலே போதும். அவர் நிற்கவில்லை. அங்கிருந்துதான் எனக்கு அவர் இன்னும் பிடித்துப்போகிறார்.

கரையோரம்:
நான் அவரை ஒரு வரிகூடப் படித்ததில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பனிப்பாதை:
சின்னதாகத் தொடங்க வேண்டுமென்றால் 'தி ஒன்ஸ் ஹூ வாக் அவே ஃப்ரம் ஒமெலாஸ்' என்ற 1973-ஆம் வருடத்துக் கதை. சில பக்கங்கள்தான். ஒரு நகரம் முழுக்கச் சந்தோஷமாக இருக்கிறது. அந்தச் சந்தோஷம் ஒரு நிலவறையில் அடைத்து வைத்த ஒரு குழந்தையின் துன்பத்தின் மேல் நிற்கிறது. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம், மனதை விட்டுப் போக வருடக்கணக்காகும். ஒமெலாஸ் என்ற பெயர், ஓரிகன் மாநிலத்து சேலம் நகரின் சாலைப் பலகையைக் கண்ணாடியில் தலைகீழாகப் படித்ததில் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நாவல் என்றால் எர்த்ஸீ வரிசையின் முதல் புத்தகம், 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'. சிறுவர் புத்தகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெர்க்லியில் இருந்த பார்னசஸ் என்ற சிறிய பதிப்பகம் பெரிய பிள்ளைகளுக்காக ஒரு கதை கேட்டதால் எழுதியது. மந்திரவாதி என்றாலே வெள்ளைத் தாடிக் கிழவர்தானே, அவர்களும் ஒரு காலத்தில் பையன்களாக இருந்திருப்பார்களே, எங்கே போய்க் கற்றுக்கொண்டார்கள் என்று யோசித்ததில் பிறந்த நாவல் அது.

வரைபடப்பிரியன்:
அந்த நாவலின் நாயகன் கெட் வெள்ளையன் கிடையாது. செம்பழுப்பு நிறம். அவன் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. கதை நடக்கும் தீவுக்கூட்டத்து மக்களில் பெரும்பாலோர் அப்படித்தான். கொள்ளையடிக்க வரும் கார்காட் ஆட்கள்தான் வெளுத்த தோல்காரர்கள். 1968-ல் அமெரிக்காவில் ஒரு மாயக்கதையில் இப்படிச் செய்வது எவ்வளவு பெரிய காரியம்! அதையும் முதல் பக்கத்திலேயே அறிவிக்கவில்லை. வாசகன் கெட்டோடு ஒட்டிக்கொண்ட பிறகு, போகிற போக்கில் நிறத்தைச் சொல்வார்.

ஆனால் அட்டைப்படங்களில் பல காலம் கெட் வெள்ளையனாகவே வந்தான். 2004-ல் அமெரிக்காவில் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அப்படியே. லெ குவின் சும்மா இருக்கவில்லை, என் எர்த்ஸீயை வெள்ளையடித்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். 2006-ல் ஜப்பானின் கிப்ளி நிறுவனம் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு இயக்குநர் கோரோ மியாசாகியிடம், இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்று சொன்னாராம். அந்தப் பதிலில் மரியாதையும் இருக்கிறது, எல்லைக்கோடும் இருக்கிறது.

இரவுவாசகி:
பனிப்பாதை, உங்கள் கருத்தோடு நான் பாதிதான் ஒத்துப்போகிறேன். திரும்பிப் போய்ப் பார்ப்பது நல்ல குணம்தான். ஆனால் அதற்காக ஒரு முழுமையான படைப்பைக் கலைக்கலாமா?

முதல் மூன்று புத்தகங்களும் கச்சிதமாக முடிகின்றன. மூன்றாவதான 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' 1972-ல் வந்து மறுவருடம் நேஷனல் புக் அவார்டு வாங்கியது. கெட் தன் சக்தி முழுவதையும் கொடுத்துவிட்டு, டிராகனின் முதுகில் ஏறிப் போய்விடுகிறான். ஒரு காவியம் இப்படித்தான் முடிய வேண்டும். 18 வருடம் கழித்து 1990-ல் 'டெஹானு' வருகிறது. அதில் அதே கெட், சக்தி போய், வெட்கப்பட்டுக்கொண்டு, ஆடு மேய்த்துக்கொண்டு இருக்கிறான். எனக்கு 19 வயதில் அதைப் படித்தபோது அழுகையே வந்துவிட்டது. எனக்குப் பிடித்த ஒருவரை அவமானப்படுத்திவிட்டதுபோல இருந்தது. பாதியில் மூடியவள்தான், அப்புறம் திறக்கவில்லை.

பனிப்பாதை:
உங்கள் வருத்தம் புரிகிறது. அந்தக் காலத்திலேயே பலர் அப்படி வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

(கதை விவரம் வரும், படிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள்.)

முதல் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே கான்ட் தீவில் வழங்கும் பழமொழி ஒன்று வரும். பெண்ணின் மந்திரம்போலப் பலவீனம், பெண்ணின் மந்திரம்போலக் கெடுதல் என்ற பொருளில். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஆண்கள் மட்டும்தான். 1968-ல் எழுதும்போது மாயக்கதை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவரும் எடுத்துக்கொண்டார். ஆணாக நின்று எழுதத்தான் தன்னைப் பழக்கியிருந்தார்கள் என்று பின்னால் அவரே ஒத்துக்கொண்டார். அந்தப் பழமொழியை அழித்துவிட்டுப் புதுப் பதிப்பு போட்டிருக்கலாம். அவர் அதை அங்கேயே விட்டுவிட்டு, அந்தப் பழமொழியைத் தினமும் கேட்டுக்கொண்டு ஒரு பெண் எப்படி வாழ்ந்திருப்பாள் என்று நான்காவது புத்தகத்தை எழுதினார்.

இன்னொன்று. வாசகர்களுக்கு 18 வருடம் ஓடிவிட்டது, கதைக்குள் இடைவெளியே இல்லை. 'ஃபார்தெஸ்ட் ஷோர்' கடைசியில் கெட்டை ஏற்றிக்கொண்டு பறந்த அதே டிராகன்தான் 'டெஹானு'வில் வந்து இறங்குகிறது. முதல் புத்தகங்களில் நாம் கீழே நின்று அது வானத்தில் மறைவதைப் பார்த்தோம். இப்போது அது வந்து சேருகிற பாறை விளிம்பில் நிற்கிறோம். டெனார் அங்கே நிற்கிறாள், நடுவயது விதவை, தீயில் பாதி முகம் வெந்துபோன ஒரு குழந்தையை வளர்ப்பவள். உணர்விழந்து கிடப்பவனைக் கீழே இறக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் அவள்தான். வீரன் பறந்து போனான் என்று காவியம் முடிந்துவிடுகிறது. இறங்கிய பிறகு அவனுக்குக் கஞ்சி ஊட்டியது யார்? அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு 18 வருடம் ஆகியிருக்கிறது.

இரவுவாசகி:
யோசிக்கிறேன். புத்தகம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

துணைவினை:
தாமதமாக வருகிறேன். 'லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலைத் தமிழில் செய்து பார்க்கும் ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. வெளியிடுவதற்காக இல்லை, என் திருப்திக்காகச் சில அத்தியாயங்கள் செய்து வைத்திருக்கிறேன். இழையின் தலைப்புக்கு நேராகப் பொருந்தும் விஷயம் ஒன்று அதில் இருக்கிறது.

கதை நடப்பது கெத்தன் என்ற பனிக்கோளில். அங்கே மனிதர்களுக்கு நிலையான ஆண், பெண் வேறுபாடு கிடையாது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஏதோ ஒரு பாலுக்கு மாறுவார்கள், எந்தப் பால் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒரே ஆள் ஒரு குழந்தைக்குத் தாயாகவும் இன்னொன்றுக்குத் தந்தையாகவும் இருக்கலாம். இப்படிப்பட்டவர்களை ஆங்கிலத்தில் எப்படிக் குறிப்பிடுவது? 1969-ல் லெ குவின் எல்லாரையும் ஆண்பாலில் எழுதிவிட்டார். விமர்சனம் வந்தது. 1976-ல் 'இஸ் ஜெண்டர் நெசஸரி?' என்ற கட்டுரையில் தன் முடிவை நியாயப்படுத்தினார், ஆங்கிலத்தில் ஆண்பால் பொதுச்சொல்லாகவும் வழங்குகிறதே என்று. ஆனால் அதற்கு முந்தைய வருடமே, 'வின்டர்ஸ் கிங்' என்ற பழைய கெத்தன் கதையைத் தொகுப்பில் சேர்க்கும்போது எல்லாரையும் பெண்பாலுக்கு மாற்றிவிட்டு, அரசன் என்ற பட்டத்தை மட்டும் அப்படியே வைத்திருந்தார். மனம் அப்போதே அசைந்துவிட்டது என்று நினைக்கிறேன். பிறகு 1980-களின் கடைசியில் அந்தக் கட்டுரையை மறுபடி வெளியிட்டார். பழைய வாக்கியங்களை அழிக்காமல், பக்கத்திலேயே புதிய குறிப்புகளைச் சேர்த்தார். இங்கே தற்காப்பாகப் பேசியிருக்கிறேன், இங்கே தவறிவிட்டேன் என்று. கெத்தன் மக்களை ஆண்–பெண் இணைக்குள் மட்டும் தேவையில்லாமல் அடைத்துவிட்டேன் என்பதையும் அதில் சொல்கிறார். தன்னோடு தானே இப்படிப் பக்கம் பக்கமாக வாதாடிய வேறொரு எழுத்தாளரை நான் படித்ததில்லை.

சரி, தமிழுக்கு வருகிறேன். முதலில் எனக்கு ஒரே குஷி. நம்மிடம்தான் 'அவர்' இருக்கிறதே! 'அவர் வந்தார், அவர் சிரித்தார்' என்றால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. இருபது பக்கம் அப்படியே செய்தேன். திரும்பப் படித்தால் நாவல் செத்துக் கிடந்தது.

காரணம் என்னவென்றால், கதை சொல்லும் ஜென்லி ஐ பூமிக்காரன். அவனுக்கு கெத்தன் மக்களை ஆணாகப் பார்க்கத்தான் வருகிறது. எதிரில் இருக்கும் எஸ்ட்ராவெனை அவனால் நம்ப முடியாததற்குப் பாதிக் காரணம் அந்தப் பார்வைக் கோளாறுதான். 'அவர்' போட்டால் அந்தக் கோளாறே தெரியாமல் போகிறது. ஜென்லிக்கு இல்லாத தெளிவை நான் கொடுத்துவிடுகிறேன். மரியாதைப் பிரச்சினை வேறு. 'அவர்' என்றாலே ஒரு அடி தள்ளி நிற்கிறோம். கடைசியில் அந்த இருவரும் பெரும் பனிப்பாளத்தைக் கடக்கிறார்கள். ஒரே கூடாரம், ஒரே அடுப்பு, நிறுத்து நிறுத்துச் சாப்பிடும் உணவு, சேர்ந்து இழுக்கும் ஒரே சறுக்குவண்டி. அண்டார்டிகா பயணக் குறிப்புகளைப் பல வருடம் விரும்பிப் படித்தவர் என்பதால் அந்தப் பகுதியில் பனியின் ஒவ்வொரு வகையும் காலுக்குத் தெரிகிறது. அவ்வளவு நெருங்கிய பிறகும் 'அவர்' என்றால் காதில் ஒட்டவில்லை.

பிரபலமான அந்த ஒரு வரியைப் பாருங்கள், அரசன் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லும் வரி. 'அரசர் கர்ப்பமாக இருந்தார்' என்று எழுதினால் தமிழ்க் காது பெரிதாகத் தடுக்காது. 'அரசன் கர்ப்பமாக இருந்தான்' என்றால் 'இருந்தான்' என்ற இடத்தில் இடறும். அந்த இடறல்தான் வேண்டும்.

நாணல்:
'அது' பயன்படுத்தினால் என்ன? குழந்தையை அப்படித்தானே சொல்கிறோம், 'குழந்தை அழுதது, தூங்கியது' என்று. அதில் இழிவு எதுவும் இல்லையே.

துணைவினை:
நல்ல யோசனை, நானும் ஒரு பக்கம் முயன்றேன். ஆனால் நாவலே அதைத் தடுக்கிறது. நடுவில் ஓர் ஆய்வாளரின் களக்குறிப்பு வரும். கெத்தன் மனிதரை 'அது' என்று நினைக்கக் கூடாது, அவர்கள் எதுவும் இல்லாதவர்கள் கிடையாது, எல்லாம் உள்ளடங்கியவர்கள் என்ற கருத்து அதில் இருக்கிறது. குழந்தைக்குச் சொல்லும் 'அது'வில் கொஞ்சல் இருக்கிறது. பிரதம மந்திரியாக இருந்து நாடு கடத்தப்பட்ட எஸ்ட்ராவெனுக்கு அது பொருந்தாது.

இப்போதைக்கு என் முடிவு இது. ஜென்லி சொல்லும் அத்தியாயங்களில் 'அவன்'. எஸ்ட்ராவென் தானே எழுதும் நாட்குறிப்புகளில் 'நான்' இருப்பதால் பிரச்சினையே இல்லை, தமிழில் 'நான் வந்தேன்' என்பதற்குப் பால் கிடையாது. ஒரே புத்தகத்துக்குள் ஒரே ஆள் வெளியிலிருந்து 'அவன்', உள்ளிருந்து பால் இல்லாத 'நான்'. இந்த ஏற்பாடு தமிழில் தானாகவே அமைகிறது. கூடாரத்தில் ஒரு இரவு ஜென்லி கடைசியாக ஒப்புக்கொள்கிறான், இத்தனை நாள் பார்க்கப் பயந்ததை, எதிரே இருப்பவன் ஆண் மட்டும் அல்ல என்பதை. அந்த இடத்திலிருந்து சொல்லை மாற்றலாமா என்பதுதான் எனக்குத் தீராத கேள்வி. மூலத்தில் அவர் மாற்றவில்லை.

பனிப்பாதை:
மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. அவர் தன் தவறை அழிக்காமல் பக்கத்தில் குறிப்பு எழுதியவர். நீங்களும் 'அவன்' என்றே விட்டுவிட்டு முன்னுரையில் இதையெல்லாம் எழுதுங்கள். நீங்கள் இங்கே எழுதியிருப்பதே முன்னுரைதான்.

ஏட்டுச்சுவடி:
குடும்பப் பின்னணியைப் பனிப்பாதை ஒரு வரியில் கடந்துவிட்டார். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

1911 ஆகஸ்டில் வடக்கு கலிஃபோர்னியாவின் ஒரோவில் என்ற ஊரில், பசியால் மெலிந்த ஒரு மனிதர் தனியாக வந்து பிடிபட்டார். யாஹி இனத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள். மற்றவர்கள் குடியேறிகளின் படுகொலைகளிலும் பட்டினியிலும் நோயிலும் அழிந்துபோனார்கள். அவரை சான் ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர் ஆல்ஃப்ரெட் குரோபர். தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கத்தில் கூடாது. அவர் பெயரை எடுத்துச் சொல்ல இன்னொரு யாஹி உயிரோடு இல்லை. அதனால் அந்தப் பெயர் யாருக்குமே தெரியாமல் போய்விட்டது. குரோபர் 'இஷி' என்று அழைத்தார். அந்த மொழியில் மனிதன் என்று பொருள். இஷி 1916-ல் காசநோயில் இறந்தார். அர்சுலா பிறந்தது அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்து. வீட்டில் அப்பா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை என்று அர்சுலா சொல்லியிருக்கிறார். அம்மா தியோடோராதான் 1961-ல் இஷியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார்.

எர்த்ஸீயில் ஒவ்வொருவருக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு, அதை உயிருக்கு நெருக்கமானவர்களிடம் மட்டுமே சொல்வார்கள். இஷியின் கதைக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது என் சொந்த ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரோடு போய்விட்ட ஒரு மனிதரின் நிழல் விழுந்த வீட்டில் வளர்ந்த பெண், பெயரையே உயிராக வைத்து ஓர் உலகம் படைத்தார் என்பதை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

இஷியின் உடலைக் கூறுபோடக் கூடாது என்று குரோபர் வெளியூரிலிருந்து கடிதம் எழுதினார். அது எடுபடவில்லை. ஆனால் பிரித்தெடுத்த மூளையை ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைத்ததும் அதே குரோபர்தான். 2000-ல்தான் அது பழங்குடி மக்களிடம் திரும்பி வந்தது. 2021-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் மானுடவியல் கட்டடத்திலிருந்து குரோபர் பெயரை எடுத்துவிட்டது. அதைப் பார்க்க அர்சுலா இல்லை, 2018 ஜனவரி 22-ல் போர்ட்லேண்டில் தன் 88-வது வயதில் காலமாகிவிட்டார். அவரது கதைகளில் வேற்றுக் கோளுக்குப் போகும் தூதர், ஆய்வாளர் எல்லாரும் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள், ஏன் திரும்பத் திரும்பத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்கு விடை இந்த வீட்டில் இருக்கிறது.

கரையோரம்:
ஒமெலாஸ் படித்துவிட்டேன். இப்போதைக்கு எதுவும் எழுத முடியவில்லை. வேறொன்று கேட்கிறேன். மூன்று பிள்ளைகள் என்று எங்கோ படித்தேன். 1968-க்குப் பிறகு இவ்வளவு எழுதியிருக்கிறாரே, நேரம் எப்படிக் கிடைத்தது?

நாணல்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானும் இதே கேள்வியோடுதான் அவரைப் படிக்க வந்தேன். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு மதிய வேளையில் நாலு வரி எழுத உட்கார்ந்தால் அதற்குள் ஒருத்தி எழுந்துவிடுவாள்.

அவர் பிள்ளைகள் பிறந்தது 1957, 1959, 1964-ல். கணவர் போர்ட்லேண்ட் அரசுக் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் தூங்கிய பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் எழுத்து. அவர்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு பகல் கிடைத்தது. அவர் சொன்ன ஒரு கணக்கு எனக்கு மனப்பாடம். ஓர் ஆளால் இரண்டு முழுநேர வேலை பார்க்க முடியாது, இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று வேலை பார்க்கலாம். வீடு, கற்பித்தல், எழுத்து. சார்லஸ் வீட்டு வேலையை உதவியாக நினைக்காமல் தன் வேலையாகவே செய்தார். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டால்தான் கலை வரும் என்று சொல்பவர்களுக்கு எதிராக 'தி ஃபிஷர்வுமன்ஸ் டாட்டர்' என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். எனக்கு அது எந்த நாவலையும்விட உதவியது. இப்போது நானும் ஒன்பது மணிக்கு மேல் எழுதுகிறேன்.

வரைபடப்பிரியன்:
திருத்திக்கொண்டார் என்ற பேச்சில் 'நைன் லைவ்ஸ்' கதையையும் சேர்க்க வேண்டும். 1969-ல் 'ப்ளேபாய்' அதை வாங்கியது. எழுதியவர் பெண் என்று தெரிந்தால் வாசகர்கள் தயங்குவார்கள், முதலெழுத்துகள் மட்டும் போடலாமா என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டார். 'யு. கே. லெ குவின்' என்று வந்தது. அப்போது பெரிதாகத் தோன்றாத அந்தச் சம்மதத்தை நினைத்துப் பின்னால் வருந்தியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் இணங்கிப் போன ஆள் இல்லை. போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் அமெரிக்க அறிவியல் புனைவைக் குறை சொன்னதால், அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் அவருக்குக் கொடுத்திருந்த கௌரவ உறுப்பினர் தகுதியைப் பறித்தது. லெ குவின் அதைக் கண்டித்து, 1977-ல் நெபுலா போட்டியிலிருந்து தன் 'தி டைரி ஆஃப் தி ரோஸ்' கதையை விலக்கிக்கொண்டார். கருத்துக்காக ஒருவரைச் சிதைப்பதைப் பற்றிய கதை அது. அதே காரியத்தைச் செய்த சங்கத்திடம் அதற்கு எப்படிப் பரிசு வாங்குவது? 1987-ல் பெண்களே இல்லாத ஒரு தொகுப்புக்குப் பாராட்டு வரி கேட்டார்கள். இது எனக்கான இடம் இல்லை என்று நாலு வரியில் மறுத்துவிட்டார்.

விண்மீன்கணக்கு:
கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அறிவியல் புனைவு என்றால் விசை, தூரம், எரிபொருள் எல்லாம் கணக்கில் வர வேண்டும். லெ குவின் கதைகளில் விண்கலம் எப்படி ஓடுகிறது என்றே தெரியாது.

ஏட்டுச்சுவடி:
எதற்குக் கோபம்? கணக்கு இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் உலகில் உடைமை என்பதே இல்லையென்றால் அங்கே பேச்சு எப்படி இருக்கும், கல்யாணம் எப்படி, சிறை உண்டா, பஞ்சம் வந்தால் யாருக்கு முதலில் சோறு? 'தி டிஸ்பொஸஸ்டு' இதையெல்லாம் ஓர் இயற்பியல் நிபுணரின் பொறுமையோடு கணக்குப் போடுகிறது. நாயகன் ஷெவெக் இயற்பியலாளன்தான். அவனுக்கு முகமாக அவர் மனதில் இருந்தது, குரோபர் வீட்டுக்கு வந்துபோன ராபர்ட் ஓப்பன்ஹைமர்.

'அன்ஸிபிள்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். எவ்வளவு தூரமானாலும் அந்த நொடியே செய்தி சேர்க்கும் கருவி. அந்தச் சொல்லை அவர்தான் 1966-ல் முதல் நாவலில் உருவாக்கினார், பிறகு எத்தனையோ எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். எட்டு வருடம் கழித்து 'டிஸ்பொஸஸ்டு'வில் திரும்பிப் போய், அந்தக் கருவிக்கு அடிப்படையான கோட்பாட்டைக் கண்டுபிடித்தவன் யார், அதற்காக அவன் எதையெல்லாம் இழந்தான் என்று எழுதினார். பனிப்பாதை சொல்லும் குணம் இங்கேயும் இருக்கிறது.

துணைவினை:
அந்த நாவலில் எனக்குப் பிடித்த இடம் மிகச் சின்னது. உடைமை இல்லாத அந்த உலகமான அனாரெஸ் நிலாவின் மொழியில் 'என்னுடைய' என்று சொல்வதைத் தவிர்ப்பார்கள். என் அம்மா என்று சொல்வதில்லை, வெறும் 'அம்மா'தான். ஷெவெக் கண்கலங்கி நிற்கும்போது அவன் குட்டிப் பெண் கைக்குட்டையை நீட்டுகிறாள். நான் பயன்படுத்தும் கைக்குட்டையை நீயும் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறாள்.

தமிழில் இதைச் செய்யும்போது வேறொரு சிக்கல். ஒற்றைப் பிள்ளையும் நம்மிடம் 'எங்கள் அம்மா, எங்கள் வீடு' என்றுதான் சொல்கிறது. பன்மைதான், ஆனால் கேட்பவர் அதற்குள் இல்லை. 'நம் வீடு' என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். அனாரெஸ் குழந்தைக்கு 'நம்'தான் பொருந்தும் என்று முதலில் எழுதினேன். பிறகு அதையும் அடித்துவிட்டேன். 'நம்' என்றாலும் உடைமைதானே. இப்போது வாக்கியத்தையே மாற்றி, சொல்லே இல்லாமல் செய்து வைத்திருக்கிறேன்.

விண்மீன்கணக்கு:
கைக்குட்டை விஷயம் நன்றாக இருக்கிறது. புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

நாணல்:
2014-ல் நேஷனல் புக் ஃபவுண்டேஷன் பதக்கம் வாங்கியபோது அவர் பேசியதை யாரும் குறிப்பிடவில்லையே. 85 வயது, ஆறு நிமிடம்தான். இத்தனை காலம் இலக்கியம் என்று மதிக்கப்படாமல் ஒதுக்கப்பட்ட அறிவியல் புனைவு, மாயக்கதை எழுத்தாளர்களோடு இந்தப் பரிசைப் பகிர்கிறேன் என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பதிப்பக அதிபர்கள். அவர்கள் முகத்துக்கு நேராகவே, பொது நூலகங்களிடம் மின்னூலுக்கு ஆறேழு மடங்கு விலை வாங்குகிறீர்கள் என்றார். முதலாளித்துவத்தின் பிடியிலிருந்து தப்பவே முடியாது என்று தோன்றுகிறது, அரசர்களின் தெய்வீக உரிமையும் அப்படித்தான் தோன்றியது என்ற அந்த இடத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது.

இரவுவாசகி:
பத்து நாள் கழித்து வருகிறேன். 'டெஹானு' படித்து முடித்தேன். முழுவதும்.

கெட் விஷயத்தில் எனக்கு இன்னும் வலி இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் பின்பகுதியில் ஒரு இடம் வருகிறது. டெனாரின் மகன் ஸ்பார்க் பல வருடம் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறான். பண்ணை அவன் பெயருக்குத்தான் போகும், பழக்கம் அப்படி. சாப்பிட்டு முடிக்கிறான். தட்டை எடுத்து வைக்கச் சொல்கிறாள் டெனார். அது பெண்கள் வேலை என்கிறான். இந்தச் சமையலறையில் சாப்பிடும் யாருக்கும் அது வேலைதான் என்கிறாள். எனக்கில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். இவனை இப்படி வளர்த்தது நான்தானே, தோற்றுவிட்டேனே என்று அவளுக்குத் தோன்றுகிறது. டிராகன்களோடு பேசியவனின் தோழி, இரண்டாம் புத்தகத்தில் அட்டுவான் கல்லறைகளிலிருந்து மீண்டு வந்தவள், ஒரு தட்டு முன்னால் நின்றுவிடுகிறாள். 19 வயதில் நான் புத்தகத்தை மூடியது இந்தப் பக்கத்துக்கு ரொம்ப முன்னால். எனக்கு இப்போது ஒரு மகன் இருக்கிறான். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன்.

முதல் அட்டையில் 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று போட்டுவிட்டு, 2001-ல் மேலும் இரண்டு எழுதியிருக்கிறாரே. நேராக 'தி அதர் விண்ட்' போகலாமா?

பனிப்பாதை:
வேண்டாம், முதலில் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ'. அதில் கடைசியாக இருக்கும் 'டிராகன்ஃப்ளை' கதையையாவது படித்துவிடுங்கள். ரோக் பள்ளியின் வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். அவள் யார் என்று தெரியாமல் 'அதர் விண்ட்' போனால் பாதி விளங்காது.